கூண்டுக் கம்பிக்கு எந்த முலாம்?

கோழிப்பண்ணை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத குடும்பம் நாமக்கல் பக்கம் குறைவு. எனக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் கம்பி வலைப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால், பழைய கூண்டைக் கழற்றும் நேரம் வந்தால் ஃபோன் எனக்குத்தான் வரும். "ஏனுங்க மாப்ள, இந்தத் தடவை சாதா ஜிஐ போடறதா, டிப் பண்ணதா, இல்ல ஏதோ கால்ஃபேன்னு சொல்றாங்களே, அதா?" ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. எழுதி வைத்துவிட்டால் இனிமேல் கேட்கிறவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

கம்பியை எது தின்கிறது என்று தெரியாமல் முலாம் தேர்ந்தெடுக்க முடியாது. நம்மூர்க் காற்றின் மேல் பழி போட வழியில்லை. சேலம், நாமக்கல் சமவெளி வறண்ட பூமி, கடலின் உப்புக் காற்று இங்கே எட்டாது. வேலியில் கட்டிய ஜிஐ கம்பி வருஷக்கணக்கில் நிறம் மங்கிக் கிடக்குமே தவிரச் சீக்கிரம் துருப்பிடிக்காது. அதே கம்பியைப் பண்ணைக்குள் கொண்டுபோய்க் கட்டினால் கதை மாறிவிடுகிறது.

கோழிக்கு மூத்திரம் தனியாகப் போகாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது யூரிக் அமிலம். அதில் ஈரம் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் உடைத்து அம்மோனியாவாக்கும். நம் பக்கத்துப் பண்ணைகள் பெரும்பாலும் தூக்கிக் கட்டினவை. எச்சம் கீழே மாசக்கணக்கில் குவியும். காய்ந்து கிடக்கிற குவியலால் பெரிய தொந்தரவு இல்லை. ஐப்பசி அடைமழையில் நனைந்துவிட்டாலோ, கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிள் ஒழுகி ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டே இருந்தாலோதான் வினை. உள்ளே நுழைந்ததும் கண் எரியும். நம் கண்ணை எரிக்கிற அதே சமாச்சாரம்தான் கம்பியையும் தின்கிறது.

துத்தநாகம் வெறும் உலோகமாக நின்று இரும்பைக் காப்பதில்லை. காற்றும் ஈரமும் பட்டதும் அதன் மேல் கார்பனேட்டாக ஒரு மெல்லிய தோல் படிகிறது. அந்தத் தோல்தான் காவல். அம்மோனியா கலந்த ஈரம் அந்தத் தோலைக் கரைத்துவிடும். கரைந்தால் புதிதாய்ப் படியும், மறுபடி கரையும், ஒவ்வொரு தடவையும் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பொதுவாக, பிஎச் 6க்குக் கீழேயும் 12.5க்கு மேலேயும் போனால் துத்தநாகம் வேகமாகக் கரையும். அதனால் பைப் லைனில் உப்பு எடுக்க ஆசிட் விடுகிறவர்கள் அது கூண்டின் மேல் ஒழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எதிரி உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஃபிளேம் கன். ஒரு பேட்ச் கோழி முடிந்து ஷெட்டைக் காலி பண்ணினதும் கூண்டில் ஒட்டின இறகையும் தூசியையும் நெருப்பால் பொசுக்குகிறோம். கிருமிக்கு நல்ல மருந்துதான். ஆனால் துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில். சுடரைச் சரசரவென்று ஓட்டிக்கொண்டு போனால் ஒன்றும் ஆகாது. ஒரு மூலையில் எச்சம் கெட்டியாக ஒட்டியிருக்கிறதென்று அங்கேயே நிறுத்திப் பிடிக்கிறார்களே, அந்த மூலையில்தான் அடுத்த வருஷம் துரு கிளம்பும். பிவிசி பூசின கம்பி, பவுடர் கோட்டிங் கம்பி என்று யாராவது விற்க வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, "இதுக்கு ஃபிளேம் கன் அடிக்கலாமா?" என்பதுதான். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பெயிண்ட் ஏன் கூடாது என்று கேட்கிறவர்களும் உண்டு. நாமக்கல்லில் லாரிக்கும் டேங்கருக்கும் பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டுகிறார்கள்; எல்லாம் பெயிண்டில்தான் ஓடுகின்றன. ஓடும். எஃப்.சி.க்கு நிறுத்தும்போதெல்லாம் சுரண்டிப் புதுசாக அடித்துவிடுகிறார்கள். கூண்டை அப்படி நிறுத்த முடியுமா? 16 வாரத்தில் குஞ்சை ஏற்றினால் 72, 80 வாரம்வரை உள்ளே கோழி இருக்கும். பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் ஈரம் அதன் வழியே உள்ளே போய்ப் படலத்துக்கு அடியிலேயே துருவாக ஓடும். துத்தநாகத்தில் கீறல் விழுந்தால் பக்கத்தில் இருக்கிற துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பை விட்டுவைக்கும். வெட்டின முனைக்கும் இப்படித்தான் காவல் கிடைக்கிறது. கூண்டுக்குத் துத்தநாகத்தையே கட்டிக்கொண்டு அழுவதற்கு இதுதான் காரணம்.

சரி, துத்தநாகத்தில் எது?

கடையில் ஜிஐ என்ற ஒரே பேரில் மூன்று நான்கு சாமான்கள் விற்கின்றன. மின்சாரம் விட்டு முலாம் பூசினது ஒன்று. பளபளவென்று வெள்ளிக் கம்பி மாதிரி இருக்கும், ஆனால் பூச்சு 5 முதல் 12 மைக்ரான்தான். உருகிய துத்தநாகத்தில் ஓட்டி எடுத்து, அதற்குப் பிறகு இழுத்து மெல்லிதாக்கின கம்பி இன்னொன்று. இதுவும் மினுமினுக்கும், கம்பியை இழுக்கும்போது பூச்சும் சேர்ந்து மெலிந்துவிடும். மூன்றாவது, கடைசி அளவுக்கு இழுத்த பிறகு சுமார் 450 டிகிரி துத்தநாகத்தில் ஓட்டின கனத்த பூச்சு, ஹெவி கோட்டிங். சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கும் மேலே துத்தநாகம் நிற்கும். பார்வைக்கு இது கொஞ்சம் மங்கல். மங்கலாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கால்ஃபேன் என்பது துத்தநாகத்தில் 5 சதவீதம் அலுமினியம் சேர்த்த கலவை. வழக்கமான டிப்பில் இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் நடுவே இரண்டும் கலந்த ஓர் அடுக்கு உண்டாகும். கடினமான அடுக்கு, கம்பியை மடக்கினால் அது வெடிக்கும். கால்ஃபேனில் அந்த அடுக்கு இல்லை என்றே சொல்லலாம். அதனால் மடக்கினாலும் முறுக்கினாலும் பூச்சு உரியாது. அதே கனத்துக்குச் சாதா துத்தநாகத்தைவிட அதிகம் தாங்கும். இப்போது அலுமினியத்தோடு மெக்னீசியமும் சேர்த்த பூச்சுத் தகடுகள் வருகின்றன. ஜப்பானிய நிசின் ஸ்டீல் கொண்டுவந்த ஜாம், ஆர்செலர் மிட்டலின் மேக்னெலிஸ் எல்லாம் இந்த ஜாதி. அம்மோனியா சூழலுக்கு நல்லது என்றே இதை விற்கிறார்கள். தீவனத் தொட்டி, தாங்கு சட்டம் போன்ற தகடு வேலைக்கு யோசிக்கலாம். வலைக்கு நம் பக்கத்தில் கால்ஃபேன்தான் கைக்குக் கிடைக்கிற மேல்படி.

அலுமினியம் சேர்த்தால் நல்லது என்றதும் அலுமினியமே பாதிக்கு மேல் இருக்கிற கால்வால்யூம் இன்னும் நல்லதாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் அலுமினியம் 55 சதவீதம். வெளிக்கூரைக்கு ராஜா. ஆனால் அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. கால்நடைக் கொட்டகைக்குள் போட்டால் உத்தரவாதம் இல்லை என்று தயாரிப்பாளர்களே வாரண்டிக் காகிதத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். ஷெட்டுக்குக் கலர் ஷீட் போடுகிறவர்கள் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கவும்.

சேலம் உருக்காலை பக்கத்திலேயே இருக்கும்போது ஸ்டெயின்லெஸ் போட்டால் என்ன என்பார்கள். 1981 முதல் அங்கே உருளுவது ஸ்டெயின்லெஸ்தான், உண்மை. முட்டை விலையில் அது கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. நிப்பிளின் ஊசி ஸ்டெயின்லெஸ், அதுவே போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஸ்டெயின்லெஸ் ஆணியோ கிளிப்போ ஜிஐ கம்பியோடு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் அந்த இடத்தில் துத்தநாகம் சீக்கிரம் கரையும்.

இதுவரை சொன்னதெல்லாம் கம்பியைப் பற்றி. கூண்டு வெறும் கம்பி இல்லை, வெல்டிங் மெஷ். உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

மெஷ் அடிக்கிற மெஷினை நின்று கவனித்தால் தெரியும். குறுக்குக் கம்பி நெடுக்குக் கம்பியின் மேல் விழுகிறது, மேலிருந்து செம்பு மின்முனை அழுத்துகிறது, கண்ணிமைக்கும் நேரத்துக்கு மின்சாரம் பாய்கிறது, பொறியோடு வெள்ளைப் புகை ஒரு சுருள் எழுகிறது. அந்த வெள்ளைப் புகைதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கின துத்தநாகம். இரும்பு உருகுகிற சூட்டில் துத்தநாகம் ஆவியாகிவிடும். மிச்சம் கொஞ்சம் மின்முனையிலும் ஒட்டிக்கொள்ளும், அதை அடிக்கடி ராவி எடுப்பார்கள். ஆகமொத்தம் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு புள்ளி இரும்பு வெறுமையாக நிற்கிறது. பக்கத்துத் துத்தநாகம் தன்னைக் கொடுத்துக் கொஞ்ச நாள் காக்கும். பூச்சு மெல்லிசாக இருந்தால் அந்தக் கொஞ்ச நாள் ரொம்பக் கொஞ்சம். பழைய கூண்டின் அடிவலையை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கம்பியின் நடுப்பகுதி சாம்பல் நிறத்தில் நன்றாகவே இருக்கும். முடிச்சுகள் மட்டும் வரிசையாகச் சிவந்திருக்கும். எச்சம் தங்குவதும் அந்த முடிச்சில்தான்.

இதற்கு மாற்று, முலாம் பூசாத கருப்புக் கம்பியில் மெஷ் அடித்துவிட்டு முழு வலையையும் துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. பண்ணைக்காரர் 'டிப் பண்ணது' என்று சொல்வது இதை. முடிச்சு, முனை எல்லாவற்றையும் துத்தநாகம் மூடிவிடும். மெல்லிய கம்பியிலும் 45, 55 மைக்ரான் நிற்கும். குறை இல்லாமல் இல்லை. வலை கோணலாகும். முக்கி எடுக்கும்போது வழிந்த துத்தநாகம் அங்கங்கே ஊசியாக உறைந்து நிற்கும். அடிவலையில் அந்த ஊசி இருந்தால் கோழியின் பாதம் கிழியும், உருண்டு வரும் முட்டை கீறும். கையால் தடவிப் பார்க்காமல் டிப் மெஷ் இறக்கவே கூடாது. பிறகு, டிப் பண்ணின வலையைக் கொண்டுவந்து பண்ணையில் வைத்து மடக்கினால் அந்தக் கடின அடுக்கு உரியும். மடிப்பு வேலை எல்லாம் முக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன விலகல். எந்தப் பூச்சு நல்லது என்ற இதே தகராறு துப்பாக்கித் தோட்டாவின் வெளிக்கூடு விஷயத்திலும் உலகம் பூராவும் நடக்கிறது. நமக்கும் தோட்டாவுக்கும் தூரம்தான். பக்கத்தில் திருச்சித் தொழிற்சாலை 1966 முதல் துப்பாக்கி செய்கிறது, தோட்டா என்றால் புனே கட்கி. கூடு செய்யப் பித்தளைதான் நல்லது, 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இரண்டாம் உலகப் போரில் செம்பு கிடைக்காத ஜெர்மானியர் இரும்புக்கு மாறினார்கள். சோவியத் நாடும் ரைஃபிள் தோட்டாவைக் கோடிக்கணக்கில் இரும்பிலேயே செய்து தள்ளியது. இரும்பென்றால் துருவுமே, அதற்கு ஒரு பூச்சு வேண்டும். அரக்குச் சாயம் மாதிரி லாக்கர் பூசினார்கள், செம்பு முலாம் பூசினார்கள், துத்தநாகம் பூசினார்கள், பிற்பாடு பாலிமர் வந்தது. கிடங்கில் பல வருஷம் ஈரம் படாமல் கிடக்க வேண்டும் என்றால் லாக்கர், வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்றால் பாலிமர் என்று ஆளுக்கொரு கட்சி.

எனக்கு அதில் பிடித்தது ஒரு வதந்தி. தொடர்ந்து சுட்டால் சூட்டில் லாக்கர் உருகித் துப்பாக்கி அறைக்குள் ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் கூடு சிக்கிக்கொள்கிறது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவம், லாக்கர் மேல் தப்பில்லை. சுடும்போது பித்தளை உப்பி அறைச் சுவரோடு அடைத்துக்கொள்ளும், பிறகு சுருங்கி விடுபடும். இரும்பு அவ்வளவு உப்பாது. இடுக்கு வழியாகப் புகை பின்னால் வந்து கரி படியும். சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கரிதான். பூச்சை மாற்றினாலும் இரும்பு இரும்பாகவே இருக்கும் அல்லவா? நம் பண்ணையிலும் அதே கதை. "இந்தக் கம்பி மட்ட ஜிங்க்குங்க" என்று திட்டுகிறவர் காட்டுகிற துரு பாதிக்கு மேல் முடிச்சில் இருக்கும். ஜிங்க்கை மாற்றி என்ன செய்ய? வெல்டிங் முன்னா, முலாம் முன்னா என்பதுதான் அங்கே கேள்வி.

வாங்கும் முன்னே சோதித்துப் பார்க்கலாமா என்றால், தாராளமாக. மயில்துத்தம் போதும், போர்டோ கலவைக்கு வாங்குகிறோமே, அதே நீலக் கல். கம்பி ஆலைகளில் ஐ.எஸ். 2633 என்ற தரமுறைப்படி செய்கிற சோதனை இது. கெட்டியான கரைசலில் கம்பித் துண்டை ஒரு நிமிஷம் முக்கி எடுத்து, கழுவி, துணியால் துடைக்க வேண்டும். கருப்பாக மை மாதிரி வந்தால் பயம் இல்லை, அது துடைத்தால் போய்விடும். செம்பு நிறம் ஒட்டிக்கொண்டு, துடைத்தும் போகாமல் நின்றால் அங்கே துத்தநாகம் தீர்ந்து இரும்பு தெரிகிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப முக்குங்கள். மெல்லிய முலாம் முதல் தடவையிலேயே சிவக்கும், கனத்தது சில முக்கு தாங்கும். வெட்டின முனை எப்படியும் சிவக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மெஷ் துண்டை முக்கினால் முடிச்சின் ரகசியமும் வெளியே வந்துவிடும். முதல் நிமிஷத்திலேயே கம்பி சாம்பலாகவும் முடிச்சு மட்டும் செம்பாகவும் நின்றால் அது முலாம் பூசின பிறகு வெல்டு அடித்த வலை, விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி.

இந்தச் சோதனை பூச்சு எங்கே மெலிந்திருக்கிறது என்று காட்டும். எத்தனை கிராம் என்று சொல்லாது. கிராம் வேண்டுமானால் ஆசிட்டில் கரைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருடைய தராசு இதற்குக் கனகச்சிதம். இரண்டரை மில்லி கம்பி ஒரு மீட்டர் எடுத்து, துண்டு போட்டு எடை பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் போட்டால் பொங்கும். பொங்குவது அடங்கினதும் எடுத்துக் கழுவிக் காயவைத்து மறுபடி எடை பாருங்கள். முன்னே 39.5 கிராம், பின்னே 38.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த எடையைப் பின்னே வந்த எடையால் வகுத்து, கம்பியின் விட்டத்தால் பெருக்கி, 1960ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 127 கிராம் வருகிறது. அதை 7.14ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 18 மைக்ரான். ஹெவி கோட்டிங் என்று சொல்லி விற்ற கம்பிக்கு இந்தக் கணக்கு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை வெட்டவெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யவும். ஷெட்டுக்குள் வேண்டாம், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

தகடு வாங்கும்போது இன்னொரு சூட்சுமம். 120 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 120 கிராம் என்றால் அது இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 60, அதாவது எட்டரை மைக்ரான்தான். 275 ஜிஎஸ்எம் என்றால் பக்கத்துக்கு 19 மைக்ரான். கம்பிக்குச் சொல்கிற 200க்கும் தகட்டுக்குச் சொல்கிற 200க்கும் அதனால் பாதிக்குப் பாதி வித்தியாசம். இரண்டையும் ஒரே பேச்சில் கலந்து பேசுகிறவரிடம் உஷாராக இருங்கள்.

நான் சிபாரிசு செய்வதைச் சொல்லிவிடுகிறேன். கூண்டு முழுக்க ஒரே முலாம் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. அடிவலைதான் எச்சத்தையும் ஈரத்தையும் முட்டையையும் தாங்குவது. அதற்கு மட்டும் வெல்டிங்குக்குப் பிறகு டிப் பண்ணினது, அல்லது கனத்த கால்ஃபேன் மெஷ். இரண்டில் எதென்றால், முட்டை உருளும் வலை வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதால் நான் கால்ஃபேன் பக்கம் சாய்வேன். முடிச்சில் அதற்கும் சேதம் உண்டு, ஆனால் கனம் இருந்தால் பக்கத்துப் பூச்சு ஈடுகட்டிக்கொள்கிறது. நிப்பிள் லைனுக்கு நேர் கீழே மட்டும், ஒழுகல் ஓயாத பண்ணையாக இருந்தால், டிப். நடுத் தடுப்பும் மேல்வலையும் சாதா ஹெவி கோட்டிங் ஜிஐ போதும், அங்கே கூடுதலாகச் செலவழிப்பது வீண். தூணும் சட்டமும் கண்டிப்பாக டிப். ஐந்து மில்லியும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் என்பது ஐ.எஸ். 4759 சொல்லும் அளவு, அதைக் கேட்டு வாங்குங்கள். மின்முலாம் கம்பியைக் கூண்டின் எந்த மூலைக்கும் சேர்க்காதீர்கள்.

எந்த முலாம் போட்டாலும் ஒழுகுகிற நிப்பிளை அன்றைக்கே மாற்றாவிட்டால் பிரயோஜனம் இல்லை. புதுச் சுருளையும் மெஷ் கட்டையும் மழையில் அடுக்கி வைக்காதீர்கள், காற்றோட்டம் இல்லாமல் ஈரம் நின்றால் கட்டுவதற்கு முன்பே வெள்ளைத் துரு பூத்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கம்பி ஆர்டர் கொடுக்கும்போது 'நல்ல ஜிஐ' என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கம்பியின் விட்டம், முலாம் எந்த வகை, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், வெல்டிங்குக்கு முன்னா பின்னா, இந்த நாலையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.